பசு மட்டும் வேண்டாம்

எங்கள் கும்பகோணத்தில் உலகம் இரண்டு தடவை படைக்கப்பட்டிருக்கிறது. பஸ் ஏறிச் சீர்காழி போனால் மூன்றாவது தடவை.

கும்பேசுவரர் கோயில் கதைப்படி, பிரளயத்தில் படைப்பு விதையெல்லாம் அழிந்துவிடுமே என்று பிரம்மா சிவனிடம் போய் நிற்கிறார். மண்ணோடு அமுதத்தைக் குழைத்துக் குடம் செய், விதையை அதில் போடு, மாவிலையும் தேங்காயும் வைத்துப் பூணூல் சுற்றி மேருவின் உச்சியில் வை என்கிறார் சிவன். வெள்ளம் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் ஊரில் இறக்குகிறது. வேடனாக வந்த சிவன் அம்பு விட்டு உடைக்கிறார். அமுதம் வழிந்து தேங்கியது மகாமகக் குளம். தேங்காய் விழுந்த இடத்தில் ஒரு கோயில், பூணூல் விழுந்த இடத்தில் ஒரு கோயில். சாரங்கபாணிப் பெருமாள் கோயில் பக்கம் போனால் கதை வேறு: பாற்கடல், பாம்பணை, தொப்புளில் தாமரை, அதில் பிரம்மா. சீர்காழியிலோ குடமும் இல்லை, தாமரையும் இல்லை. அறுபத்துநாலு கலைகளையும் எடுத்துக்கொண்டு, பிரணவத்தையே தோணியாக்கி, சிவனும் உமையும் வெள்ளத்தில் மிதந்து வந்து கரை சேர்கிறார்கள்.

என் அப்பாயி மூன்றையும் நம்பினாள். காலையில் கும்பேசுவரர், சாயங்காலம் சாரங்கபாணி, வருஷத்துக்கு ஒரு தடவை சீர்காழித் தோணியப்பர். "இதுல எது அப்பாயி நிசம்?" என்று கேட்டதற்கு, "எல்லாந்தான். சாமிக்கு ஒரு தடவை படைச்சாப் போதுமா?" என்றாள். இதற்கு மேல் தெளிவான பதிலை நான் எந்தப் பண்டிதரிடமும் கேட்டதில்லை.

எழுபதுகளில் எங்கள் தெருக்கோடி மண்டபத்தில் பாகவத சப்தாகம் நடக்கும். மூன்றாம் ஸ்கந்தத்தில் பிரம்மா தாமரையில் கண் விழிக்கிறார். நாலு பக்கமும் தண்ணீர். தான் உட்கார்ந்திருக்கும் பூ எங்கிருந்து முளைத்தது என்று தண்டுக்குள் இறங்கித் தேடுகிறார். அடி கிடைக்காமல் திரும்பி வருகிறார். மூலத்தில் இவ்வளவுதான். எங்கள் பாகவதர் இதை முக்கால் மணி நேரம் சொல்வார். பொற்றாமரைக் குளத்துப் பாசிப்படியில் இறங்குகிறவர் மாதிரி, ஒரு கையால் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் இல்லாத சுவரைத் தடவித் தடவி இறங்குவார். ஒவ்வொரு படிக்கும் மிருதங்கக்காரர் ஒரு தட்டு. நடுவில் ஒரு மீன் வந்து "சுவாமி, எங்கே இந்தப் பக்கம்?" என்று விசாரிக்கும். அந்த மீன் எந்த ஸ்கந்தத்தில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அதை மிஞ்சியது சனகாதியர் கட்டம். படைப்பைப் பெருக்கச் சொல்லிப் பிரம்மா நாலு பிள்ளைகளை உண்டாக்குகிறார். நாலு பேரும் மாட்டேன் என்றுவிடுகிறார்கள். பாகவதர் இதைக் கல்யாணத்துக்குப் பிடிகொடுக்காத பையன்களின் கதையாக்கிவிடுவார். "ஏண்டா, உங்களை எதுக்குப் படைச்சேன்?" என்று பிரம்மா நாலு வாயாலும் ஒரே நேரத்தில் கத்துவார். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு அலையலையாக வரும். முப்பது வயதைத் தாண்டிய பிள்ளைகள் எழுந்து வெளியே போவார்கள். கோபம் பொறுக்காமல் பிரம்மாவின் புருவ நடுவிலிருந்து ருத்திரன் பிறக்கும்போது, அதே பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

இது கற்பனை என்று பாகவதரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் சொல்லவில்லை. அதற்கும் நூறு வருஷம் முன்னால் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருபதுக்கு மேல் தலபுராணங்கள் பாடினார். எங்கள் ஊருக்கும் திருக்குடந்தைப் புராணம் அவர் செய்ததுதான். ஊர்க்காரர்கள் கேட்பார்கள், அவர் பாடுவார், கோயிலில் அரங்கேற்றம் நடக்கும். கதை எல்லோருக்கும் தெரியும். கற்பனை எப்படி என்பதைக் கேட்கத்தான் கூட்டம் வரும். அதில் குறை வைத்தால்தான் குற்றம்.

இப்போது நிலைமை முன்னேறியிருக்கிறது. மகாமகக் குளத்தங்கரையில் காலை நடைக்கு வரும் என் வயதுக்காரர்கள் யாரும் கதை சொல்வதில்லை. எல்லோரிடமும் ஆதாரம் இருக்கிறது. பெருவெடிப்புதான் இரணியகர்ப்பம். ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூட வளாகத்தில் நடராஜர் நிற்கிறாரே, அப்புறம் என்ன? 2004-இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு அது. நாமே கொண்டுபோய் வைத்த சிலையை நாமே ஆதாரமாகக் காட்டுகிறோம். ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஒரு சூக்தம் உண்டு: அது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்தப் படைப்பு எங்கிருந்து வந்ததென்று மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்னவோ என்று முடிகிறது. 1988-இல் ஷியாம் பெனகல் எடுத்த 'பாரத் ஏக் கோஜ்' தொடரில், வாரந்தோறும் தூர்தர்ஷனில் இதன் இந்தி வடிவம்தான் முகப்புப் பாடல். நாடே உட்கார்ந்து கேட்டது. தெரியாது என்று வேதமே சொன்ன விஷயத்தில் இன்றைக்குக் குளத்தங்கரையில் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை.

என் தம்பி மகள் நாவல் எழுதுகிறாள். படைப்புக் கதைதான். அதில் வியப்பில்லை, ஜெயமோகன் 2014-இல் தொடங்கி 26 நாவல்களாக எழுதி முடித்த வெண்முரசும், உலகம் பிறந்ததை ஒரு தாய் மகனுக்குச் சொல்வதில்தான் ஆரம்பிக்கிறது. இவள் எடுத்துக்கொண்டது பிருகதாரண்யக உபநிஷத்தில் வரும் கதை. எங்கள் பாகவதர் இந்தப் பக்கமே வந்ததில்லை. வந்திருந்தால் மிருதங்கக்காரர் வாசிப்பை நிறுத்தியிருப்பார்.

ஆதியில் ஒருவன் மட்டும் இருக்கிறான். சுற்றிப் பார்க்கிறான், யாரும் இல்லை. பயப்படுகிறான். வேறு யாருமே இல்லாதபோது யாரைப் பார்த்துப் பயப்பட என்று தேறிக்கொள்கிறான். பயம் போனாலும் தனியாக இருப்பதில் சுகமில்லை. தன்னையே இரண்டாகப் பிளக்கிறான்: ஆண், பெண். சேர்கிறார்கள், மனிதர்கள் பிறக்கிறார்கள். அப்புறந்தான் அந்தப் பெண் யோசிக்கிறாள்: தன்னிடமிருந்தே என்னை உண்டாக்கிவிட்டு என்னோடு எப்படிச் சேரலாம்? ஒளிந்துகொள்கிறாள். பசுவாகிறாள், அவன் காளையாகி வருகிறான். பெண் குதிரையாகிறாள்; அவன் ஆண் குதிரை. கழுதை, ஆடு, செம்மறி என்று ஓடி ஓடி, எறும்பு வரைக்கும் போகிறார்கள். நாம் பார்க்கிற உயிரெல்லாம் அந்த ஓட்டத்தில் பிறந்தவை. தம்பி மகள் செய்தது ஒரே ஒரு மாற்றம்: கதையை ஓடுகிறவள் வாயால் சொல்லவிட்டாள். படித்தேன். பாகவதரின் மீனுக்குச் சமமான கற்பனை நாலைந்து இடத்தில் இருக்கிறது. எறும்பு அத்தியாயம் அதற்கும் மேலே.

பதிப்பகத்துக்குத் துணைக்கு நானும் போயிருந்தேன். பொறுப்பாளர் நல்ல மனிதர், காபியெல்லாம் கொடுத்தார். முதல் பக்கத்தில் போட ஒரு அறிவிப்பு தயாராக இருந்தது: இது முழுக்க முழுக்கக் கற்பனை, எந்த மதத்தையும் தெய்வத்தையும் குறிப்பதல்ல, யார் மனத்தையும் புண்படுத்தும் நோக்கமில்லை. அவ்வளவும் ஆன பிறகு, "மேடம், இன்னொரு சின்ன விஷயம்" என்றார்.

"சொல்லுங்க சார்."

"பசு மட்டும் வேண்டாமே. குதிரையிலேருந்து ஆரம்பிச்சிடலாம்."

அவள் பையிலிருந்து உபநிஷத்தை எடுத்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். அவர் கண்ணாடி போட்டுப் பொறுமையாகப் படித்தார்.

"உபநிஷத்துல இருந்தா இருந்துட்டுப் போகட்டும் மேடம். நாவல்ல இருந்தாத்தான் பிரச்சினை. மாதொருபாகன் ஞாபகம் இருக்கில்ல?"

ஞாபகம் இருந்தது. 2015-இல் அந்த நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் பெருமாள்முருகன் எழுதுவதையே நிறுத்திக்கொள்வதாக அறிவித்ததும், 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னதும் ஞாபகம் இருந்தது. பொறுப்பாளருக்கு முதல் பாதிதான் ஞாபகம்.

"விடுங்க பெரியப்பா" என்றாள், திரும்பி வரும்போது. அவள் வயதில் நானாக இருந்தால் கத்தியிருப்பேன். பாகவதருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் சொன்னது சாஸ்திரம் என்று பேர் பெற்றதால் எதை வேண்டுமானாலும் கலக்க முடிந்தது. இவள் எழுதுவது கற்பனை என்று முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டதால், சாஸ்திரத்தில் இருப்பதைக்கூட எழுத முடியவில்லை.

நாவல் பொங்கலுக்கு வருகிறது. அறிவிப்புப் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேராகக் கதைக்குப் போங்கள். குதிரையில் தொடங்கும். பசு வேண்டும் என்பவர்கள் பிருகதாரண்யகத்தின் முதல் அத்தியாயம், நான்காம் பிராமணத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அங்கிருந்து இன்னும் யாரும் எடுக்கவில்லை.