மூணா, அஞ்சா?

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே மாமா?"

நேற்று ராத்திரி ஃபோனில் என் மச்சினன் சொன்னது. புது ஏசியைச் சுவரில் மாட்டி, ஓட்டையைச் சுற்றிப் பூசிய வெள்ளை சிமென்ட்கூட இன்னும் காயவில்லை. எந்தக் கம்பெனி என்று கேட்டான், சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. எத்தனை ஸ்டார் என்று கேட்டான், அதையும் சொன்னேன். ஒரு பெருமூச்சு. அதற்கப்புறம்தான் இந்த வாக்கியம்.

கேட்காமலா இருந்தேன்? பொங்கல் முடிந்த கையோடு முதலில் கேட்டதே அவனைத்தான். "இப்பல்லாம் எல்லாம் ஒண்ணுதான் மாமா, ஆஃபர்ல எது வருதோ அதை வாங்கிடுங்க" என்றான். நம் ஊரில் வாங்குவதற்கு முன்னால் கேட்டால் எல்லா ஏசியும் ஒன்றுதான். வாங்கிய பிறகு, நாம் வாங்கியதைத் தவிர மற்றதெல்லாம் நல்ல ஏசி.

உங்களுக்காவது இந்தக் கதி வரக் கூடாது. அதனால் எந்த ஏசி வாங்கலாம் என்பதைக் கம்பெனி பெயர், மாடல் நம்பர் சகிதம் இந்தக் கட்டுரையில் சொல்லிவிடப் போகிறேன். அதற்கு முன் சில அடிப்படை விஷயங்கள்.

பழைய ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. குளிரவில்லை, அவ்வளவுதான். நாங்கள் இருப்பது திருவான்மியூரில், கடலுக்குக் கிட்டத்தில். மொட்டை மாடியிலிருந்த அவுட்டோர் யூனிட்டின் காயிலை உப்புக் காற்று அரித்து, கேஸ் போய்க்கொண்டே இருந்தது. மெக்கானிக் தம்பி வருவார். மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "இதை யார் சார் ஃபிட் பண்ணது?" என்பார். ஃபிட் பண்ணியது அவர்தான். அதைச் சொன்னால், "அப்ப சரியாத்தான் இருக்கும்" என்பார். அடுத்து, "இதுக்கு ஆர்-22 கேஸ் சார், இப்ப மார்க்கெட்லயே வர்றதில்ல" என்பார். ஓசோனைக் காப்பாற்ற 1987-இல் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி உலகமே அந்த வாயுவுக்குப் படிப்படியாக விடைகொடுத்துக்கொண்டிருப்பது வாஸ்தவம்தான். ஆனால் பேரம் படிந்த மறு நிமிஷம் அதே வாயு சிலிண்டரோடு மாடியேறி வரும். ஒவ்வொரு சீசனுக்கும் நிரப்புவது, அடுத்த சீசனுக்குள் அது வானத்தில் கலப்பது என்று, ஓசோனில் ஓட்டை போடுவதற்கு நான் தனிப்பட்ட முறையில் சந்தா கட்டி வந்தேன்.

ஆகவே கடைக்குப் போனோம். "ரூம் என்ன சைஸ் சார்? பன்னெண்டுக்குப் பன்னெண்டா? அப்ப ஒன்றரை டன். டாப் ஃப்ளோரா? ரெண்டே போட்டுடுங்க" என்றார் விற்பனைப் பையன். ஏசிக்கான டன் கணக்கு ஐஸ்கட்டியிலிருந்து வந்தது. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றினால் அது ஒரு டன் ஏசி. சுமார் மூன்றரை கிலோவாட். 19-ஆம் நூற்றாண்டில் மெட்ராஸுக்கு நிஜ ஐஸே அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. அதைப் பத்திரப்படுத்த 1842-இல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். அங்கே ஐஸ் வாங்கப் போன துரையை யாராவது வழிமறித்து, "மூணு ஸ்டார் ஐஸா, அஞ்சு ஸ்டார் ஐஸா?" என்று கேட்டிருப்பார்களா?

நம்மைக் கேட்கிறார்கள். மூணா, அஞ்சா? இதைக் கேட்காத ஜீவன் என் வட்டாரத்தில் கிடையாது. ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் மூணே போதும் என்றார். அவர் வீட்டில் மாட்டியிருப்பது அஞ்சு. எதிர் ஃபிளாட் சார், வங்கி மேலாளராக இருந்து ரிட்டையரானவர், அஞ்சுதான் வாங்க வேண்டும் என்றார். அவர் வீட்டில் ஏசியே கிடையாது. ஏசி காற்று அவருக்குத் தும்மல். மெக்கானிக் தம்பி, "ஸ்டாரெல்லாம் வெறும் ஸ்டிக்கர் சார்" என்றார்.

எதிர் ஃபிளாட் சார் ஆதாரமில்லாமல் பேசுகிறவர் அல்ல. வங்கி கொடுத்த பழைய டைரி ஒன்றை எடுத்துக்கொண்டு ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார். ஸ்டிக்கரில் வருஷத்துக்கு இத்தனை யூனிட் செலவாகும் என்று போட்டிருக்கும். ஒன்றரை டன்னில் மூணுக்கும் அஞ்சுக்கும் சுமார் 200 யூனிட் வித்தியாசம். விலையில் சுமார் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 1,600 ரூபாய் மிச்சம். ஆறேகால் வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். "ஏழாவது வருஷத்துலேர்ந்து எல்லாம் லாபம் சார்!" என்று டைரியை மூடினார். ஏழாவது வருஷம் அந்த ஏசி உயிரோடிருக்குமா என்று கேட்டேன். அது என் ஜாதகத்தைப் பொறுத்தது என்றார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வியர்வை ஒரு காரணம், ஸ்டிக்கர் இன்னொரு காரணம். அந்த வருஷக் கணக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கு மட்டும். ராத்திரிக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் 200 நாள் ஆகிறது. மீதி 165 நாளும் நாம் ஏசியைத் தொட மாட்டோம் என்று டெல்லியில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். டெல்லியில் ஸ்வெட்டர் போடுகிறவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. மார்கழிக் கச்சேரிக்குப் பட்டுப்புடவை கட்டிப் போகிறவர்களே சபா ஏசி வேலை செய்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள். எங்களுக்கு அந்த 1,600 மணி நேரம் ஆடி முடிவதற்குள் தீர்ந்துவிடும்.

காலையில் இதைச் சொன்னேன். எதிர் ஃபிளாட் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப 2,400 மணி நேரம்னு போடுவோம்!" டைரி மறுபடி திறந்தது. அதிகம் ஓடினால் அதிகம் மிச்சம். இப்போது நாலு வருஷச் சொச்சத்திலேயே பணம் திரும்பிவிட்டது. ஏசியை நிறுத்தாமல் ஓட்டினால் இன்னும் சீக்கிரம் பணக்காரனாகிவிடலாம் போலிருந்தது.

அப்போது என் மனைவி, "அஞ்சு ஸ்டார் வாங்கினா ஐந்நூறு தாண்டாதா?" என்று கேட்டாள். எதிர் ஃபிளாட் சார் பேனாவை வைத்துவிட்டார். அந்த ஐந்நூறு எது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டு மாசக் கணக்கு எடுக்க வருகிறவருக்கு முன்னாலேயே மாடிப்படிக்குக் கீழே டார்ச்சோடு குனிந்து மீட்டரைப் படிக்கிற இனம் நாம். 501-ஆவது யூனிட் தனியாக வருவதில்லை. கீழே நின்ற யூனிட்டுகளின் ரேட்டையும் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு வரும். சார் ஒரு புதுப் பக்கம் புரட்டி, ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின், என் அம்மா இருபத்துநாலு மணி நேரமும் எரிய விடுகிற சாமி ரூம் பல்ப் எல்லாவற்றையும் எழுதினார். பல்பை அணைப்பது பற்றிப் பேச்சு வந்தது. அம்மா உள்ளேயிருந்து, "ஏசியே வேண்டாம்" என்றாள்.

அதோடு ஸ்டார் விஷயம் முடிந்தது. கம்பெனி பெயருக்கு வருகிறேன். வருவதற்கு முன், ஸ்டாரைப் பற்றியே ஒன்றே ஒன்று.

அந்த ஸ்டாரும் நிலையில்லை. பி.இ.இ. என்கிற மத்திய அரசு அமைப்புதான் இதற்கெல்லாம் அளவுகோல். 2022 ஜூலையில் அளவை உயர்த்தினார்கள். அஞ்சாக இருந்தவற்றில் பல நாலாயின. 2026 ஜனவரியில் மறுபடி உயர்த்தினார்கள். மிஞ்சியிருந்த அஞ்சுகளில் பலவும் இறங்கின. பரீட்சையில் முதல் வகுப்பில் தேறி, வேலைக்கும் போய்விட்ட பையனின் வீட்டுக்கு யூனிவர்சிட்டியிலிருந்து கடிதம் வந்து, "புது விதிப்படி நீ இரண்டாம் வகுப்பு" என்று சொன்னால் எப்படியிருக்கும்? இயந்திரங்கள் முன்னேற வேண்டும், அளவுகோலும் உயர வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் புரிகிறது. ஆனால் டைரியை மூன்றாம் முறை திறந்த மனிதரின் முகத்தை நான் நேரில் பார்த்தவன். பழைய நாலும் புது மூணும் ஒன்றா, பழைய அஞ்சைத் தள்ளுபடியில் வாங்கினால் அது எத்தனையாவது வருஷத்தில் லாபம் என்று கேட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார்.

இதில் வேடிக்கை, இத்தனை கணக்கும் ரிமோட்டில் எத்தனை டிகிரி வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2020 ஜனவரியிலிருந்து எந்த ரூம் ஏசியும் ஆன் செய்ததும் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டில் அந்த விதி, ரிமோட் என் பையன் கைக்குப் போகும்வரை அமலில் இருக்கும். அவன் 18-இல் வைத்துவிட்டு ரெண்டு போர்வை கேட்பான்.

இப்படி விசாரித்து முடிப்பதற்குள் கத்திரி பிறந்துவிட்டது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனபோதே விவரமானவர்கள் வாங்கி மாட்டிவிட்டார்கள். கடையில் நாங்கள் கேட்ட எதுவும் இல்லை. "இந்த மாடல்தான் சார் இருக்கு, இதுவும் சாயந்திரம் போயிடும்" என்றார் பையன். வாங்கினோம். எத்தனை ஸ்டார் என்று சொல்ல மாட்டேன். நீங்களும் பெருமூச்சு விடுவீர்கள். இன்ஸ்டலேஷன் இலவசம். ஸ்டாண்டுக்குக் காசு, கூடுதல் காப்பர் பைப்புக்குக் காசு, டிரெயின் பைப்புக்குக் காசு, சுவரில் ஓட்டை போடக் காசு. இலவசமாகக் கிடைத்தது ஏணியில் ஏறியது மட்டும்.

பிறகு நிதானமாக வாரண்டி அட்டையைப் படித்தேன். வெளியே கொட்டை எழுத்தில் 10 வருஷ வாரண்டி. உள்ளே போனால், அது கம்ப்ரஸருக்கு. என் அனுபவத்திலும் என்னைச் சுற்றியுள்ளவர்கள் அனுபவத்திலும் கம்ப்ரஸர் கெட்டு ஏசி போனதாகக் கேள்விப்பட்டதே இல்லை. போவது பி.சி.பி. என்கிற சர்க்யூட் போர்டு, போவது காயில், போவது கேஸ். பி.சி.பி.க்கு அந்த அட்டையில் ஒரே வருஷம். கேஸ் நிரப்புவது நம் செலவு. பல்லி உள்ளே போனால் வாரண்டி இல்லை. கடலோர உப்புக் காற்றுக்கு வாரண்டி இல்லை. சென்னையில் விற்கிற ஏசிக்குக் கடல் காற்று விதிவிலக்காம்! பல்லியும் கடலும் இல்லாத தமிழ்நாட்டு வீட்டுக்குத்தான் அந்த அட்டை முழுதாகப் பொருந்தும்.

கோபப்பட்டுப் பயனில்லை. ஏசியே மனுஷனுக்காகப் பிறந்ததல்ல. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரப்பதத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ண அச்சு ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அதைத் தீர்க்கத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் அந்த இயந்திரத்தை வடிவமைத்தார். நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்தத் தொழிலில் காகிதத்துக்குத்தான் சௌகரியம். ஸ்டிக்கர் பளபளவென்று இருக்கிறது, வாரண்டி அட்டை கெட்டியாக இருக்கிறது, நமக்குத்தான் வியர்க்கிறது.

பி.இ.இ.க்கு ஒரு விண்ணப்பம். மின்சாரத்துக்கு ஸ்டார் கொடுத்தாகிவிட்டது, நல்லது. ஆயுளுக்கும் ஒன்று கொடுங்கள். காயில் எத்தனை வருஷம், பி.சி.பி. எத்தனை வருஷம், உதிரிபாகம் எத்தனை வருஷம் கிடைக்கும் என்பதை அதே ஸ்டிக்கரில், கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில் அச்சடிக்கச் சொல்லுங்கள். ஆறு வருஷத்தில் பணம் திரும்பும் என்று கணக்குப் போடுகிற மனிதருக்கு, ஏழு வருஷம் ஓடுகிற மெஷின் வேண்டும் அல்லவா?

அது வரும்வரை, கடைக்குப் போகிறவர்கள் எத்தனை ஸ்டார் என்று கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். காயில் காப்பரா? பி.சி.பி.க்கு எத்தனை வருஷம்? கேஸ் செலவு யார் தலையில்? பதிலை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். வாயால் சொன்ன வாரண்டி கடை வாசல்படி வரைக்கும்தான்.