யாழ்ப்பாணத்துக்கு எத்தனை எழுத்து?

கோண்டாவிலில் என் மேசையில் இரண்டு கணினிகள். ஒன்று இன்டெல் மடிக்கணினி. மற்றது உள்ளங்கைக்குள் அடங்கும் ராஸ்பெரி பை. அதற்குள் ஏஆர்எம் சிப். இரண்டிலும் லினக்ஸ். தமிழ்ச் சொல்லொன்றில் எத்தனை குறிகள் என்று எண்ணும் சி நிரலுக்குச் சோதனை ஓட்டினேன். 'யாழ்ப்பாணம்' என்று கொடுக்க, மடிக்கணினி 11 என்றது, தேறியது. பை 33 என்றது.

முதலில் வோல்ற்றேச்சில் பழியைப் போட்டேன். அது ஊர் வழக்கம்.

உண்மைக் குற்றவாளி ஒரே வரி. யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்; முதல் பைட் எப்போதும் 224. சி மொழியின் 'சார்' வகைக்கு மைனஸ் எண் உண்டா இல்லையா என்பதை மொழியின் தரவிதி முடிவு செய்யாமல் கொம்பைலர்காரர் தலையில் கட்டிவிட்டது. இன்டெலில் உண்டு, அங்கே 224 மைனஸ் 32 ஆகிவிடும். ஏஆர்எம்மில் இல்லை, 224 என்றால் 224தான். (ஆப்பிளின் ஏஆர்எம்மில் மறுபடியும் உண்டு. அந்தக் கதை வேண்டாம்.) நிரலை எழுதிய புண்ணியவான், பூச்சியத்தைவிடக் குறைந்தால் மூன்று பைட்டையும் ஒன்றாக எண்ணு என்று எழுதியிருந்தார். ஏஆர்எம்மில் எதுவும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஆகவே பைட் ஒவ்வொன்றும் ஒரு குறி. ஆங்கில எழுத்துகள் 127ஐத் தாண்டுவதில்லை. அவைக்கு இந்த வில்லங்கமே வராது.

அயல்வீட்டு மாஸ்டர் எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர்.

"என்ன தம்பி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"உதில தமிழ் எழுத்து மைனஸ் 32 எண்டு நிக்குது மாஸ்டர்."

"மைனஸ் 32 ஓ? ரொறன்ரோவிலயோ?"

அவரின் மகள் அங்கே இருக்கிறா. விளக்கினேன். அவருக்குத் திருப்தியில்லை.

"தொண்ணூறுகளில பெற்றோல் இல்லாம மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓடினனாங்கள். ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல். நீர் சிப்பை மாத்தினவுடன படுத்திட்டுதோ?"

மருந்து சின்னது: 'அன்சைன்ட்' என்ற ஒரு சொல், 'பூச்சியத்தைவிடக் குறைந்தால்' என்ற இடத்தில் '128 அல்லது அதற்கு மேல் என்றால்'. எச்சரிக்கைகளைத் திறந்து வைத்தால், இந்த ஒப்பீடு எக்காலமும் பொய் என்று ஜிசிசி கொம்பைலரே ஏஆர்எம்மில் சொல்லிவிடும். எச்சரிக்கையை ஆர் வாசிக்கிறார்கள்?

இரண்டும் 11 என்றன. மாஸ்டர் திரையைப் பார்த்தார்.

"ஏன் பதினொண்டு?" விரல் விட்டார். "யா, ழ், ப், பா, ண, ம். ஆறு."

"அரவும் குற்றும் தனித்தனிக் குறி மாஸ்டர். யூனிகோட்டில அப்பிடித்தான்."

"அவைக்குத் தமிழ் படிப்பிச்சது ஆர்?"

ஆறு வரவேண்டும் என்று இன்னொரு சோதனையும் எழுதி வைத்திருக்கிறேன். இன்டெல், ஏஆர்எம் என்ற பேதமில்லாமல் இரண்டிலும் தோற்கிறது.