வடம் பிடித்தால் வழி பிறக்கும்

சாலையைச் சீரமைக்கப் புதுச்சேரிக்கு வெளிநாட்டு நிபுணர் எதற்கு? வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் போதும்.

ஆடித் தேரோட்டத்துக்கு, பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார். இன்று துணைநிலை ஆளுநரும் முதல்வரும் பிடிக்கிறார்கள். கொடி மாறியது, வடம் மாறவில்லை. தேரோட்டத்தன்று ஒரு நாள் மட்டும், ஆள்பவர்களும் தெருவில் கால் வைத்து நடக்கிறார்கள். தேர் வரும் வழியில் பைக்கை நிறுத்திவிட்டு, "அஞ்சே நிமிஷம்ண்ணே" என்று கடைக்குள் நுழையும் துணிச்சல் யாருக்கும் வராது. மனிதன் நடக்கும் வேகம்தான் தெருவின் வேகம்.

மற்ற நாளில்? நேரு வீதி நடைபாதையில் ஸ்கூட்டர் நிற்கிறது, நைட்டி தொங்குகிறது, தள்ளுபடிப் பலகை சாய்ந்திருக்கிறது. மனிதன் மட்டும் ரோட்டில் நடக்கிறான். சைக்கிள்காரர் ஹாரன் தள்ளும் பக்கம் போகிறார்.

நடப்பவர்களை அரசு மறந்துவிட்டது என்று சொன்னால் பாவம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை இருக்கிறதே! காற்று வாங்க நடப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. மீன் கூடையோடு நடப்பவர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஒரு யோசனை. மாதம் ஒரு வெள்ளி, ஆளும் பெரியவர்கள் நேரு வீதியில் வடம் பிடித்து நடக்கட்டும். தேர்கூட வேண்டாம். முதல் நாள் ராத்திரியே பள்ளம் மூடும், நடைபாதை காலியாகும். ஆய்வுக் கூட்டம், திட்ட அறிக்கை, டெண்டர் எல்லாம் மிச்சம். மொத்தச் செலவு, கயிறு ஒன்று.