ஆடாத பெஞ்சு

ஒத்திவாக்கம் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் நாய்கூடத் தலையைத் தூக்காது. காவல்துறையின் கமாண்டோ பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. 2023-ல் பெண் போலீசாருக்கான அகில இந்தியத் துப்பாக்கி சுடும் போட்டியும் அங்கேதான் நடந்தது. அது அரசாங்க வசதி. அதே செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் கிளப்புக்கு இருப்பதோ ஒரு தகரக் கொட்டகை, பத்து மீட்டர் தள்ளி சில அட்டைகள், கரையான் தின்று மிச்சம் வைத்த பெஞ்சுகள்.

பெஞ்சு என்றால் உட்கார அல்ல. ஐந்தரை கிலோ வரை கனக்கும் ஏர் ரைபிளால் 60 குண்டையும் நின்றபடியே சுட வேண்டும். நடுநடுவே அதை இறக்கி வைக்க ஒரு மேசை. அதன் உயரம் 70-லிருந்து 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ரைபிள் அட்டையில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீட்டர்தான். மூச்சை அடக்கி அந்தப் புள்ளியைத் துளைக்கிற மகான்கள், ரம்பத்தைக் கையில் எடுத்ததும் அரை அங்குலம் தவறுவது எப்படி என்று யாராவது ஆராய்ச்சி செய்தால் புண்ணியமாகப் போகும்.

"புது பெஞ்சுக்கு ஆசாரி எதுக்கு சார்? நாமளே செஞ்சிடலாம்" என்றார் பொருளாளர். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனையும் வந்தது. சவுக்குக் கட்டை போதும் என்றது ஒரு கட்சி. பிளைவுட் என்றது இன்னொன்று. மாமல்லபுரத்து நண்பர் கருங்கல்லைத் தவிர வேறு பேச்சுக்கே இடம் தரவில்லை. "பல்லவன் செஞ்சது இன்னிக்கு வரைக்கும் ஆடுதா?" என்று கேட்டார். நியாயம்தான். ஆனால் திருக்கழுக்குன்றம் வழியாக அதை ஏற்றிவர லாரி வாடகை யார் கொடுப்பது என்று பொருளாளர் கேட்டதும் பல்லவர் காலம் முடிவுக்கு வந்தது.

கடைசியில் வாங்கியது, பழைய வீடு இடித்த தேக்கு. பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற சார் டேப்பைப் பிடித்து, "முப்பது அங்குலம்" என்று சொல்லி இரண்டு கால்களை அறுத்தார். நடிகர் அஜித்குமார் 2022-ல் திருச்சி மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கியதைப் பார்த்துச் சேர்ந்த கல்லூரித் தம்பி, அதே டேப்பின் மறுவிளிம்பைப் படித்து 75 சென்டிமீட்டரில் மற்ற இரண்டை அறுத்தான். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று ஆறுதல் வேறு. முப்பது அங்குலம் என்பது 76.2 சென்டிமீட்டர். தனித்தனியே பார்த்தால் இரண்டும் விதிக்கு உட்பட்டவை. ஒரே மேசைக்குக் கீழே போனபோதுதான் வம்பு.

நெட்டைக் காலைக் குறைத்தார்கள். குட்டைக் கால் நெட்டையானது. அதையும் குறைத்தார்கள். ரசமட்டம் பிடிக்கும் பதவி எனக்கு. அதற்குள் இருந்த குமிழி மட்டும்தான் அன்று முழுக்க உழைத்தது. உயரம் 70-ஐ நெருங்கியதும் சர்வதேச விதி தலையிட்டு ரம்பத்தை நிறுத்தியது. அப்புறம் வழக்கமான வைத்தியம்: காலுக்கு அடியில் மடித்த கல்யாணப் பத்திரிகை.

மாமல்லபுரத்தில் சரிவுப் பாறைமேல் வெண்ணெய்ப் பந்து என்கிற 250 டன் உருண்டைக் கல் எந்த முட்டும் இல்லாமல் நிற்கிறது. 1908-ல் ஆளுநர் லாலி ஏழு யானைகளை விட்டு நகர்த்தப் பார்த்தாராம், அசையவில்லையாம். இங்கே சமதளமான சிமெண்டுத் தரையில் ஒரு டீ கிளாஸை வைத்தாலே எங்கள் தேக்கு நாட்டியம் ஆடியது.

அந்த டீயை வாங்கிவந்த பையன் டூவீலர் மெக்கானிக். காலையிலிருந்து அவனை டீக்கு மட்டும்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். "அண்ணே, காலுக்கு அடியில ஒரு நட்டு போல்ட்டு வெச்சா ஏத்தி இறக்கிக்கலாமே" என்றான். யாரும் பதில் சொல்லவில்லை. அவனே துளை போட்டு, அவனே முறுக்கினான். குமிழி நடுவில் வந்து உட்கார்ந்தது.

வரும் ஞாயிறு வார்னிஷ் அடிக்கிறோம். வருகிறவர்கள் ஆளுக்கொரு பிரஷ் கொண்டு வரவும். யோசனை கொண்டு வர வேண்டாம், கையிருப்பே ஏராளம்.