தையல் பேட்டர்ன் குறிப்புத்தாளும் எண்வகைப் பொருள்கோளும்: ஒரு முன்னோடி ஆய்வு

தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் தொடங்கி வரிசையாக உரைகாரர்கள் வந்தார்கள். திருக்குறளுக்குப் பழைய உரை எழுதியவர்கள் பத்துப் பேர் என்பது மரபு. இவ்விரண்டையும்விட இறுக்கமான நடையில் எழுதப்பட்டு, பருவந்தோறும் புதிது புதிதாக வெளிவந்து, உரை காண ஒருவரும் இல்லாமல் கிடக்கும் இலக்கிய வகை ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் துணி தைப்பவர்கள் வாங்கும் காகித பேட்டர்ன் உறைக்குள், பல மடிப்பாக மடித்து வைத்திருக்கும் குறிப்புத்தாள்தான் அது. கையைக் கைக்குழியில் பொருத்தி, தளர்வைச் சமன்செய்து, தைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி வரும். வரி ஒன்றுதான். செய்து முடிக்க ஒரு மாலைப்பொழுதும் ஒரு பெட்டி குண்டூசியும் வேண்டும்.

இந்தத் தாளைப் பிரித்தவர்கள் காலங்காலமாகச் செய்துவரும் பிழை, அதை உரைநடை என்று நம்புவது. அது செய்யுள். செய்யுளாகவே படிக்க வேண்டும். செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளை நன்னூல் எட்டாக வகுத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அதை எழுதிய பவணந்தி முனிவர் தையல் எந்திரத்தைக் கண்டவர் அல்லர். ஆனாலும் அவருடைய பகுப்பு மெக்கால் என்ற பேட்டர்ன் கம்பெனியின் சட்டைக் காலருக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதை நிறுவ முற்படுகிறது இவ்வாய்வு.

முதலில் மூலநூல் மரபு. 1580இல் ஹுவான் தெ அல்செகா என்ற ஸ்பானியத் தையற்காரர் மாட்ரிட்டில் ஒரு நூல் வெளியிட்டார். எந்த அகலத் துணியில் எந்தத் துண்டை எப்படிப் பரப்பி வெட்டினால் துணி வீணாகாது என்று அது படம் போட்டுக் காட்டுகிறது. வெட்டிய துண்டுகளை எப்படிச் சேர்ப்பது என்பதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. வாசகரும் தையற்காரர்தானே, அவருக்குத் தெரியாததா என்ற எண்ணம். பின்வந்த நூற்றாண்டுகளில் வாசகர் மாறிப்போனார். எண்ணம் மட்டும் மாறவில்லை.

1863இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்ற ஊரில் எபினேசர் பட்டரிக் என்ற தையற்காரர், ஒரே உடையைப் பல அளவுகளில் வெட்டிய பேட்டர்ன்களை விற்கத் தொடங்கினார். மெல்லிய டிஷ்யூ தாளில் வெட்டி மடித்தால் தபாலில் போய்ச் சேரும் என்பதால் வியாபாரம் பெருகியது. அந்தத் தாள்களில் கோடும் இல்லை, குறிப்பும் இல்லை. வெறும் துளைகள். துளைகள் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்து எது மடிப்பு, எது பிடிப்பு, நெடுக்கு நூல் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். சிந்துவெளி முத்திரைகளை இன்னும் படிக்க முடியவில்லையே என்று ஏங்குவோர், அந்தக் காலத்து அமெரிக்க இல்லத்தரசிகளை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

1920 வாக்கில் பட்டரிக் நிறுவனம் ‘டெல்ட்டார்’ என்ற பெயரில் தனிக் குறிப்புத்தாளை உறைக்குள் வைக்க ஆரம்பித்தது. அதே காலத்தை ஒட்டி மெக்கால் நிறுவனம் கோடுகளையும் எழுத்துகளையும் பேட்டர்ன் தாளிலேயே அச்சிட்டது. மற்றவர்கள் எல்லோரும் உடனே பின்பற்றிவிடவில்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகும் துளைத் தாளை விற்ற பெரிய நிறுவனங்கள் உண்டு.

இனி பொருள்கோள். முதலாவதான ஆற்றுநீர், அதாவது தொடக்கத்திலிருந்து முடிவு வரை நீரோட்டம்போல நேராகப் பொருள் கொள்வது, இத்தாள்களில் அரிது. தலையணை உறை பேட்டர்னில் காணக் கிடைக்கலாம்.

நிரல்நிறைதான் உறையின் முதுகுப்புறத்தை ஆள்கிறது. எவ்வளவு துணி வாங்க வேண்டும் என்ற அட்டவணை அங்கே இருக்கும். ஏ, பி, சி, டி என்று மாதிரிகள். 45 அங்குல அகலத் துணி, 60 அங்குல அகலத் துணி. அளவுகள் குறுக்கே. போதாக்குறைக்கு நட்சத்திரக் குறிகள்: வெல்வெட்டைப் போல ஒரே பக்கமாகச் சாயும் ரோமமுள்ள துணிக்கு ஒரு நட்சத்திரம், அப்படிச் சாயாத துணிக்கு இரண்டு. எழுவாய்களை ஒரு வரிசையிலும் பயனிலைகளை இன்னொரு வரிசையிலும் அடுக்கிவிட்டு, எதற்கு எது என்பதைப் படிப்பவர் தலையில் கட்டுவதே நிரல்நிறை. துணிக்கடையில் ஒரு விரலை நெடுக்கிலும் இன்னொரு விரலைக் குறுக்கிலும் நகர்த்திக்கொண்டு நிற்பவரைக் கண்டால், அவர் யாப்பிலக்கணம் பயில்கிறார் என்று கொள்க.

அந்த அட்டவணையின் அளவு எண்களைப் பற்றித் தனி நூலே எழுதலாம். இன்றைய அமெரிக்க பேட்டர்ன்களில் 12 என்ற அளவுக்கு மார்பு 34 அங்குலம், இடுப்பு 26½, இடுப்பெலும்புச் சுற்று 36. இதே உடம்புக்கு அமெரிக்கத் துணிக்கடையில் ஆயத்த ஆடை வாங்கப் போனால் 4 என்றோ 6 என்றோ தருவார்கள். 1940களின் பேட்டர்ன்களில் அதே 12க்கு மார்பு 30 அங்குலம். 1960களின் இறுதியில் நிறுவனங்கள் கூடி எண்களை மாற்றி அமைத்தன. பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த 12ஐ நம்பித் தைத்த பேத்திகள், தாங்கள் பருத்துவிட்டதாக வீணாகக் கவலைப்பட்டிருக்கிறார்கள். கடைசியில் உடை எவ்வளவு சுற்றளவில் வரும் என்ற உருப்படியான தகவலைப் பல நிறுவனங்கள் டிஷ்யூ தாளுக்குள்ளே, மார்புக் கோட்டுக்குப் பக்கத்தில், வட்டத்துக்குள் கூட்டல் குறி போட்ட ஒரு சின்னத்தின் அருகே அச்சிடுகின்றன. வாங்கி, பிரித்து, விரித்த பிறகே அது கண்ணில் படும்.

பொருள்கோள் மட்டுமல்ல, ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் நன்னூல் சொல்கிறது. அவற்றில் முதலாவது குன்றக் கூறல், அதாவது தேவையானதைவிடக் குறைத்துச் சொல்வது. அதற்கு உச்சமான எடுத்துக்காட்டு மேலே கண்ட கை பொருத்தும் வரி. கையின் மேல்வளைவு கைக்குழியின் சுற்றளவைவிட ஓர் அங்குலம், சில பேட்டர்ன்களில் ஒன்றரை அங்குலம் வரை நீளமாக இருக்கும். தோள் உருண்டையானது, அதன்மேல் துணி கவிந்து விழ வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விட்ட மிச்சம் அது. பெரியதைச் சிறியதில் அடக்க வேண்டும். சுருக்கு விழவும் கூடாது. இதற்கு அனுபவசாலிகள் இரண்டு வரிசை நீளத்தையல் போட்டு, நூலை மெல்ல இழுத்து, விரல் நுனியால் மிச்சத்தைப் பங்கிட்டு, நீராவி இஸ்திரியால் அடக்குகிறார்கள். கம்பளித் துணி இதற்கு இசையும். நெருக்கமாக நெய்த பருத்தியும் பாலியெஸ்டரும் இசையா. எவ்வளவு கெஞ்சினாலும் எங்காவது ஒரு மடிப்பு எட்டிப் பார்க்கும். எந்தத் துணி அடங்கும், எது அடங்காது என்பதைத் தாள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆண்களுக்காகத் தொழிற்சாலையில் தைக்கும் பருத்திச் சட்டையின் கையில் இந்த மிச்சம் மிகக் குறைவு என்பதையும் சொல்வதில்லை. கைக்குழியில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்பதற்கு மட்டும் முன்னால் ஒற்றை முக்கோணக் குறி, பின்னால் இரட்டைக் குறி என்று ஓர் உபகாரம் செய்திருக்கிறார்கள். அதையும் மறந்து இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்தவர்கள், உடை முடிந்த பிறகு கையை முன்னால் நீட்டும்போது உண்மையை உணர்வார்கள்.

கொண்டுகூட்டுப் பொருள்கோளை ஆராய ஜெர்மனிக்குப் போக வேண்டும். ஒஃபென்பர்க் நகரில் ஆன்னா புர்டா 1950இல் தொடங்கிய ‘புர்டா’ இதழ், பேட்டர்ன் தாளை இதழோடு இணைத்துத் தருவதால் புகழ்பெற்றது. 1987இல் சோவியத் நாட்டில் ரஷ்ய மொழியிலேயே அது வெளிவந்தது. ஒரே விரிதாளில் பல உடைகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நிறங்களில் ஓடும். வேண்டிய கோட்டை மட்டும் தேடி வேறு தாளில் படியெடுக்க வேண்டும். விளக்கப் படங்கள் சொற்பம். பத்தி பத்தியாக எழுத்துதான். தையலுக்கு 1.5 செ.மீ., கீழ்மடிப்புக்கு 4 செ.மீ. சேர்த்து வெட்டுமாறு ஓரிடத்தில் ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்கள். அமெரிக்க உறைகளில் பெரும்பாலும் தையலுக்கான துணி பேட்டர்னிலேயே சேர்ந்திருக்கும். புர்டா இதழில் சேர்ந்திருக்காது. அங்கே கிடக்கும் சொல்லை இங்கே கொண்டுவந்து கூட்டத் தவறினால், பக்கவாட்டுத் தையல்களின் நான்கு விளிம்புகளிலுமாக 6 செ.மீ. காணாமல் போகும். ரவிக்கை ரவிக்கையாகவே இருக்கும், தைத்தவரின் மகளுக்கு.

சென்டிமீட்டரைத் தொட்டாகிவிட்டதால் ஒரு கணக்கு. அமெரிக்கத் தாள்கள் தையல் அளவை ⅝ அங்குலம் என்று எழுதி, பக்கத்திலேயே 1.5 செ.மீ. என்றும் எழுதுகின்றன. ⅝ அங்குலம் என்பது 1.5875 செ.மீ. எட்டுத் துண்டுப் பாவாடை ஒன்றுக்குப் பதினாறு விளிம்புகள். அங்குலக் காரருக்கும் சென்டிமீட்டர்க் காரருக்கும் இடுப்பில் 1.4 செ.மீ. வேறுபாடு வரும். மாறுகொளக் கூறல் என்ற குற்றத்தை இவ்வளவு துல்லியமாக அளந்து காட்ட இலக்கண ஆசிரியர்களுக்கு வாய்த்ததில்லை.

ஆய்வின் மணிமுடி அளைமறிபாப்பு. புற்றுக்குள் நுழையும் பாம்பு தலையை மடக்கித் திரும்புவதுபோல, இறுதியில் உள்ளது இடையிலும் முதலிலும் போய்ப் பொருள் தருவது அது. சட்டையின் தோள்பட்டித் துணியை இரட்டையாக வைத்து, தையல் எதுவும் வெளியே தெரியாமல் முடிப்பதற்கு ஒரு வித்தை உண்டு. சட்டையின் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் பாய்போலச் சுருட்டி, இரண்டு தோள்பட்டித் துண்டுகளுக்கு நடுவே அடைத்து, தோள் விளிம்பைத் தைத்துவிட்டு, கழுத்து வழியே முழுச் சட்டையையும் வெளியே இழுக்க வேண்டும். மெக்ஸிகோ உணவின் பெயரால் இதைப் பர்ரிட்டோ முறை என்கிறார்கள். இதைத் தாளில் எழுதினால் எழுதியவருக்கே விளங்காது. படம் போட்டால் சுருட்டிய கம்பளம் போலத் தெரியும். முடிவைப் பார்த்தவருக்குத்தான் முதல் வரி புரியும். புரியாமலே சொன்னபடி செய்துபார்ப்பதைத் தவிர இதற்கு வழியில்லை என்பது இத்துறையினரின் ஒருமித்த கருத்து.

விற்பூட்டு, அதாவது முதலில் உள்ளதும் இறுதியில் உள்ளதும் இணைந்து பொருள் தருவது, எளிது. சின்னப் புள்ளி, பெரிய புள்ளி என்று டிஷ்யூ தாளில் இருப்பதையெல்லாம் துணிக்கு மாற்றிக் குறிக்கும்படி தொடக்கத்தில் ஒரு கட்டளை வரும். எதற்கு என்ற பதில் கடைசிப் படிகளில், காலரோ ஜிப்போ வைக்கும்போது வரும். சோம்பலில் விட்ட புள்ளி அன்றைக்குத்தான் வேண்டியிருக்கும். மீதிப் பொருள்கோள்கள் அவ்வளவு சுவையானவை அல்ல. அடிமறிமாற்று மட்டும் ஓர் எச்சரிக்கைக்கு உரியது. அடிகளை எப்படி மாற்றினாலும் பொருள் கெடாது என்ற நம்பிக்கையில் பக்கவாட்டை மூடித் தைத்துவிட்டு, பிறகு பாக்கெட்டைத் தேடுவோர் உளர்.

இப்படி எழுதுவதற்குக் காரணம் எழுதுபவர்களின் கொடுமனம் அன்று. ஒரே தாளில் நான்கு மாதிரிகளுக்கும் வழி சொல்ல வேண்டும். பல உறைகளில் அதையே இரண்டு மூன்று மொழிகளில் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரு சின்ன உறைக்குள் அடங்க வேண்டும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. 1917இல் இயற்றிய ஸ்மித்-ஹ்யூஸ் சட்டத்தின்படி அமெரிக்கப் பள்ளிகளில் மனையியல் பாடத்துக்கு அரசு நிதி கிடைத்தது. பெண்பிள்ளைகள் பலர் தையலை வகுப்பிலேயே கற்றார்கள். தாள் அவர்களுக்கு நினைவூட்டினால் போதும், கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. வகுப்புகள் குறைந்து போயின. தாளின் நடை அப்படியே நின்றுவிட்டது. உரையாசிரியர்கள் வழக்கொழிந்த பிறகு சூத்திரம் மட்டும் கையில் இருக்கும் நிலை இது.

தமிழ்நாட்டுத் தையற்கடைகள் இந்தச் சிக்கலுக்குள் நுழையவே இல்லை. இங்கே அளவு ஜாக்கெட் கொடுத்தால் போதும். அதற்கு மொழி இல்லை, படி எண் இல்லை, நட்சத்திரம் இல்லை. கழுத்து இறக்கம் போன தடவை மாதிரி வேண்டாம் என்ற ஒரு வரி மட்டும் வாய்மொழியாகச் சேரும். அந்த வரியை மாஸ்டர் மறந்துவிடுவார் என்பது வேறு ஆய்வுக்குரிய பொருள்.

இத்துறையை வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் வணிக பேட்டர்ன்களுக்கென்றே ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதனோடு நெடுங்காலம் தொடர்புடைய ஜாய் ஸ்பனபெல் எமரி, காகித பேட்டர்ன் தொழிலின் வரலாற்றை 2014இல் நூலாகவே எழுதினார். பிரிட்டனின் பிபிசி தொலைக்காட்சியில் 2013இல் தொடங்கிய தையல் போட்டியில், பேட்டர்னைப் படித்து நேரத்துக்குள் தைத்து முடிப்பது ஒரு தனிச் சுற்று. தேர்ந்த கைகளும் கட்டளையைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பதை அங்கே காணலாம்.

பழைய பேட்டர்ன்களை வாங்கி விற்பவர்களின் சந்தையில் ஒரு விலை வழக்கம் இருக்கிறது. வெட்டிப் பயன்படுத்திய தாளைவிட, ஆலையில் மடித்த மடிப்புக் கலையாமல், யாரும் பிரித்தே பார்க்காத தாளுக்கு விலை அதிகம்.