கயிறு பிடிக்கிறவனுக்கு வாய் எதுக்கு, மருமவனே?

வாரும் மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரும். தொண்டை கட்டிப்போச்சாமே? கருப்பட்டிக் காப்பி போடச் சொல்லுதேன், வேம்பார்ல கருப்பட்டிக்கா பஞ்சம்! குறுவட்டக் கபடியில ஆடுன பயலுவ வேர்வை காயுறதுக்குள்ள வீடு வந்து சேந்துட்டானுவ. நீருதான் பொழுதடையிற வரைக்கும் நடுவரோட தனியா ஒரு ஆட்டம் ஆடிக்கிட்டு இருந்தீராம்.

நானும் வேப்பமரத்தடியில நின்னு பாத்தேன்வே. உம்ம மவன் பாடிப் போறான். அவனுக்கு உள்ளது 30 செகண்டு. அதுக்குள்ள மூலையில நிக்கிறவன் எப்பப் பாய்வான், நடுவுல நிக்கிறவன் எப்பச் சங்கிலி போடுவான்னு எல்லாம் பாக்கணும். அந்த நேரத்துல கோட்டுக்கு வெளியில இருந்து ஒரு சத்தம்: "போனஸ் போடுலே, போனஸ் போடு!" சாட்சாத் நீருதான். எதிர்ல அப்ப நின்னது எத்தனை பேரு? அஞ்சு. ஆறு பேராவது நின்னாத்தான் போனஸ் புள்ளி உண்டுங்கிறது உம்ம மவனுக்குத் தெரியும், டிரில் வாத்தியாருக்குத் தெரியும். ஆனாலும் பெத்தவன் சொல்லைத் தட்டப்படாதுன்னு பய காலை நீட்டிட்டான். கணுக்காலைப் பிடிச்சு அமுக்கிட்டானுவ. நீரு உடனே நடுவரைப் பாத்து, "கண்ணு அவிஞ்சுபோச்சா"ன்னு கேட்டீரு. நல்ல ஞாயம்.

வெளியில நிக்கிறவன் எப்படி நிக்கணும்னு நம்ம கடல்கிட்டயே கேளும். முத்துக்குளிப்புக்குப் பேர்போன ஏழு கடல்துறையில நம்ம ஊரும் ஒண்ணு. தூத்துக்குடிக் கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. உமக்கு அது கதை. எனக்கு அப்பவே மீசை அரும்பிட்டு. குளிக்கிறவன் கல்லோட இறங்குவான், தோணியில ஒருத்தன் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். கூடப்பொறந்தவ தாலிக்குப் பயந்தாவது பிடியை விடமாட்டான்னு மச்சானைத்தான் அங்க நிறுத்துவாவன்னு ஊர்ப்பேச்சு. அந்த மச்சான், "இடதுபக்கம் தடவுலே, பெரிய சிப்பி கிடக்கு"ன்னு மேல இருந்து கத்துனதா எங்கேயாவது கேட்டிருக்கீரா? கண்ணு தண்ணியில இருக்கும், கை கயித்துல இருக்கும். கயிறு சுண்டுனா தூக்கணும். அம்புட்டுத்தான் அவன் சோலி.

சுண்டுறதுன்னா எதுன்னு கேக்கீரா? போன மாசம் உம்ம மவன் முட்டி வீங்கி நொண்டிக்கிட்டுத் திரிஞ்சானே, அதான். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீரா? "வலியைப் பாத்தா கப்பு வாங்க முடியுமா"ன்னு எண்ணெயைத் தேச்சு மறுநாளே அனுப்பி வச்சீரு.

நம்ம மாவட்டத்து மணத்தி கணேசன் 1994-ல ஹிரோஷிமா ஆசியப் போட்டியில தங்கம் வாங்கின கபடி அணியில ஆடுனாரு. பொறவு அர்ச்சுனா விருதும் வாங்கினாரு. அவரு வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025-ல 'பைசன்' எடுத்தாரு. நீரும் பாத்தீரு. பாத்துட்டு வந்த அன்னைக்கு ராத்திரியே கோழி கூவுமுன்ன பயலை எழுப்பி கடக்கரையில ஓடவிட்டீராம். நீரு சைக்கிள்ல பின்னாலயே போனீராம். டைரக்டருன்னு நெனைப்பு!

சரி, பையனை விடும். மவ கதை என்ன? அவ ஓட்டத்துல பள்ளிக்கூடத்துக்கே முதல். பத்தாங்கிளாஸ் வந்துட்டுன்னு அவ ஷூவைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டீரு. டிரில் பீரியடைக் கணக்கு வாத்தியாரு கேட்டா, "எடுத்துக்கிடுங்க சார், ரெண்டு பீரியடா எடுத்துக்கிடுங்க"ன்னு சொன்னதும் நீருதானாம்.

வயசு விஷயத்தை நான் பேசலை. பதினாலு வயசுக்குட்பட்டவன்னு நிறுத்துன பயலுக்குக் கன்னத்துல பிளேடு வெட்டு இருந்துச்சு. உம்மைச் சொல்லலைவே, உமக்குப் பக்கத்துல நின்னவரைச் சொன்னேன். நீரு ஏன் வேட்டியை இறுக்கிக் கட்டுதீரு?

உம்ம சீக்கு உலகம் பூராவும் உண்டு, வெக்கப்படாதீரும். அமெரிக்காவுல ஓஹையோ பக்கம் பொம்பளப் பிள்ளைய கால்பந்து லீக்குல 1999-ல ஒரு ஞாயித்துக்கிழமை, பெத்தவன் எவனும் வாயைத் தொறக்கப்படாதுன்னு சொல்லிட்டாவ. அடக்க முடியாதவுக குச்சிமிட்டாயைச் சப்பிக்கிட்டு நின்னாவளாம். நமக்கு எதுக்கு குச்சிமிட்டாய்? புவிசார் குறியீடு வாங்கின கடலைமிட்டாய் கோவில்பட்டியில இருந்து பஸ் ஏறி வருது. பயல் பாடிப் போகும்போது ஒரு துண்டை வாயில போடும். பல்லுல ஒட்டுனதை நாக்கால நோண்டி எடுக்குறதுக்குள்ள 30 செகண்டு போயிரும்.

இன்னொண்ணு. பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேரு பெத்தவுகளா இருக்கணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே எழுதியிருக்கு. நம்ம பள்ளிக்கூடத்துக் குழுவுல உம்ம பேரும் இருக்கு, பலகையில படிச்சேன். மைதானத்துல குழி கிடக்கு, ஆடுற பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணித்தொட்டி இல்லை, முட்டியில அடிபட்டா வைக்க ஐஸ் கிடையாது. இதையெல்லாம் கேக்கத்தான் அந்தக் கூட்டம். அங்க கத்தும்வே, யாரு வேண்டாங்கா? ஆனா அங்க நீரு வாறதே இல்லையாம். வந்த அன்னைக்கும் டீ வந்ததும் கையெழுத்துப் போட்டுட்டு நழுவிட்டீராம்.

வார வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு. பந்துக்குக் காத்தடிக்கிற பம்ப் ரிப்பேராம், புதுசு வாங்கணும்னு டிரில் வாத்தியாரு எழுதிக் குடுத்திருக்காரு. நீரு வந்து பேசி வாங்கிக் குடும். வரலைன்னு வையும், "பம்ப் எதுக்கு, எங்க மருமவன் இருக்காரு"ன்னு நானே எழுந்திரிச்சுச் சொல்லிருவேன்.