ரெண்டு கமாவும் ஒத்தப் பொண்டாட்டியும்

ஏலே பேராண்டி, மூஞ்சி எதுக்கு உப்பிக் கெடக்கு? டீச்சரம்மா செவப்பு மையில சுழிச்சுட்டாவளோ? கொண்டா நோட்டை.

'தி மேன் ஹூ ஹிஸ் ஸ்கூட்டர் வாஸ் ஸ்டோலன்.' அடேங்கப்பா! ஒரு மாட்டுக்கு ரெண்டு மூக்கணாங்கயிறு எதுக்குலே? ஹூவையும் ஹிஸ்ஸையும் சேத்து முறுக்கு, ஹூஸ்னு ஒத்தக் கயிறா வரும்.

ஒம்மேல குத்தமில்ல. நம்ம பேச்சுல இந்தச் சங்கதியே கெடையாது. 'ஸ்கூட்டர் களவுபோன ஆளு', 'கொம்பு ஒடிஞ்ச மாடு' எங்கோம். யாரு ஸ்கூட்டர், எதோட கொம்புன்னு எவனாவது கேக்கானா? பெயரெச்சம்லே அது. நம்ம இடையன்குடியில 1841ல வந்து குடியேறுன கால்டுவெல் பாதிரியார், 1856ல போட்ட ஒப்பிலக்கணத்துல எழுதியே வச்சுட்டாரு: இந்தப் பக்கத்து மொழியில ஹூ, விச் மாதிரி வார்த்தையில்ல, பெயரெச்சமே அந்த வேலையப் பாத்துக்கிடும்னு.

ரொம்பவும் மீசைய முறுக்காத. 'மகன் அடிச்ச வாத்தியார்'னு சொன்னா, அடி வாங்குனது வாத்தியாரா? இல்ல, எவனையோ அடிச்சுட்டு வந்த பயலப் பெத்துத் தொலச்ச வாத்தியாரா? நமக்கே தெரியாது. இங்க வெள்ளக்காரன் ஜெயிச்சுட்டான். ஹூஸ்னா பெத்தவரு, ஹூம்னா பட்டவரு.

கீழ கத்திரிக்கா தள்ளிட்டு வாரவன் இந்திப் பேச்சக் கேட்டிருக்கியா? ஹூஸ்ஸுக்கு ஜிஸ்கா எங்கான், பின்னாடியே உஸ்கா எங்கான். ஜோடி போடாம அவனுக்கு வாய் வராது. டெல்லி துவாரகாவுல வளருத பயலுக்கு மூணு பாசையும் கலந்துதான் வரும். வரட்டும்.

ஒரு குறுக்கு வழி சொல்லுதேன். மொதல்ல ரெண்டா ஒடி. ஆளு வந்தான். அவன் ஸ்கூட்டர் களவுபோச்சு. அந்த 'அவன்' இருக்கிற எடத்துல ஹூஸ்ஸ வச்சு, அப்படியே ஆளுக்குப் பக்கத்துல ஒட்டு. ஹூஸ் ஒத்தையில வராது, சொத்தையும் கையோட இழுத்துட்டு வரும். நடுவுல 'தி' ஒக்கார எடமில்ல. இன்னொரு ஹூஸ் இருக்கு, உச்சியில புள்ளி வச்சுக்கிட்டு அதே சத்தத்துல திரியும். 'ஹூ இஸ்'னு பிரிச்சுப் பாரு, பொருந்துனா அந்தப் பய.

மனுசனுக்கு மட்டுந்தான் ஹூஸ்னு எவஞ் சொன்னது? மில்டன் 1667ல போட்ட காவியத்துல ரெண்டாவது வரியிலயே மரத்துக்கு ஹூஸ் போட்டுட்டாரு. நீ தெகிரியமா எழுது: 'துவாரகா, ஹூஸ் ஓல்டு நேம் வாஸ் பப்பன்கலான்'. 'தி ப்ளூ லைன், ஹூஸ் லாஸ்ட் ஸ்டேஷன் இஸ் செக்டர் இருவத்தொண்ணு'ன்னு சொன்னா மெட்ரோகாரன் சண்டைக்கா வரப்போறான்?

கமாவுலதான் ஆளு மாட்டுவான். 'மை வைஃப்' எழுதி, ஒரு கமா போட்டு, 'ஹூஸ் ஃபாதர் இஸ் எ ஃபார்மர்'னு சொருகி, இன்னொரு கமா போட்டா எனக்கு ஒங்க ஆச்சி ஒருத்திதான். ரெண்டு கமாவையும் எடுத்துட்டா, விவசாயி மக இவ, வேற ஒருத்தி எங்கயோ இருக்கான்னு அர்த்தம். அந்த நோட்டை இங்க வச்சுட்டுப் போயிராத. ஆச்சிக்கு இங்கிலீசு தெரியாது, ஆனா என் முழி தெரியும்.

லிஃப்டுக்குள்ள நோட்டீஸ் ஒட்டியிருக்கானே பாத்தியா? 'ரெசிடென்ட்ஸ்'க்குப் பின்னால கமா, 'ஹூஸ் கார்ஸ் ஆர் ராங்லி பார்க்டு', மறுபடி கமா, அப்புறம் 'வில் பி ஃபைன்டு'. குடியிருக்க அத்தன பேருமே காரத் தப்பா நிறுத்துதவன், எல்லாரும் தண்டம் கட்டுன்னுல்லா ஆகுது! எனக்குக் கார் ஏது, ஊன்றுகோல்தான இருக்கு. அதான் நேத்து ராத்திரி வெத்தலச் சுண்ணாம்ப விரல்ல எடுத்து ரெண்டு கமாவையும் மூடிட்டேன்.

காலையிலேருந்து செக்ரட்டரி ஒவ்வொரு மாடியாத் தட்டி 'யே கிஸ்கா காம் ஹை?'ன்னு கேட்டுட்டு வாராராம். மணி அடிக்குது பாரு. நீயே போய்த் தெறந்து சொல்லு, தாத்தா ஜிஸ்கா வரைக்குந்தான் படிச்சிருக்காரு, கிஸ்கா இன்னும் நடத்தலைன்னு.